ஆல்ட்மியூல் பள்ளத்தாக்கை எப்படிச் சுற்றிப் பார்ப்பது: சைக்கிள், கல், கிராமத்துச் சாப்பாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பள்ளத்தாக்கை முழுசாக முடித்தே ஆகவேண்டும் என்று கிளம்பாதீர்கள். குன்ட்சன்ஹவுசனில் ஆரம்பித்து, கெல்ஹைமில் ஆல்ட்மியூல் ஆறு டான்யூபோடு சேரும் இடம் வரை சைக்கிள் பாதை ஏறக்குறைய 165 கிலோமீட்டர். மூன்று நாளில் ஓட்டிவிடலாம், நிறையப் பேர் ஓட்டுகிறார்கள், நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். திரும்பி வந்து போட்டோக்களைப் பார்த்தால் எது எந்த ஊர் என்றே தெரியவில்லை. அடுத்த வருஷம் ட்ராய்ஷ்ட்லிங்கனிலிருந்து கிப்ஃபன்பெர்க் வரைக்கும் மட்டும், சுமார் 70 கிலோமீட்டர், அதற்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் ஊர்கள் பிடிபட்டன. அதனால் இங்கே நான் சொல்வது பெரும்பாலும் அந்த நடுப்பகுதியைப் பற்றித்தான். கீழ்ப்பகுதியைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

இடம் எது என்று தெரியாதவர்களுக்கு: பவேரியாவின் நடுவில், நியூரம்பெர்க்குக்கும் மியூனிக்குக்கும் இடையில் இருக்கிறது. ஆறு சுமார் 230 கிலோமீட்டர் நீளம், மிக மெதுவாக ஓடுவது. 1969ல் இந்தப் பகுதியை இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். பூங்கா என்றதும் வேலி போட்ட காடு என்று நினைத்துவிட வேண்டாம். ஊர், வயல், கல் குவாரி, ஆட்டு மந்தை, மாதா கோயில் எல்லாம் உள்ளே இருக்கிற பூங்கா இது.

எப்போது, எப்படிப் போவது

மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை என்பதால் அறை கிடைப்பது கஷ்டம், பாதையிலும் கூட்டம். நவம்பருக்குப் பிறகு பாதி விடுதிகள் மூடியிருக்கும், பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கினால் மத்தியானம் வரை விலகாது.

ரயிலில் போவதுதான் சுலபம். ட்ராய்ஷ்ட்லிங்கன் பழைய ரயில் சந்திப்பு, அங்கிருந்து இங்கோல்ஷ்டாட் போகும் பாதை ஆற்றை ஒட்டியே வருகிறது. பாப்பன்ஹைம், சோல்ன்ஹோஃபன், டோல்ன்ஷ்டைன் எல்லாவற்றிலும் ஸ்டேஷன் உண்டு. கால் வலித்தாலோ மழை பிடித்தாலோ அடுத்த ஊரில் ரயில் ஏறிவிடலாம் என்கிற தைரியம் இந்த நடுப்பகுதியில்தான் கிடைக்கும், புதிதாகச் சைக்கிள் பயணம் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ஐஷ்டெட் நகருக்கு மட்டும் ஒரு சிக்கல். ஐஷ்டெட் பான்ஹோஃப் என்ற ஸ்டேஷன் ஊரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே இறங்கி ஒரு குட்டி ரயில் மாறி ஐஷ்டெட் ஷ்டாட் போகவேண்டும். பெயரைப் பார்த்து ஊர் வந்துவிட்டது என்று வெளியே நடந்துவிடாதீர்கள்.

டிக்கெட்டுக்கு, இரண்டு மூன்று பேராகப் போனால் பவேரியா முழுக்க வட்டார ரயில்களில் ஒரு நாள் செல்லும் பயர்ன் டிக்கெட் லாபம், ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம். வேலை நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஜெர்மனி முழுக்க வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சந்தாவான டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருந்தால் அதுவே போதும். ஆனால் எந்த டிக்கெட் இருந்தாலும் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்கவேண்டுமா என்று ஏறும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், வழித்தடத்துக்கு வழித்தடம் மாறும். வெயில் அடிக்கிற சனிக்கிழமை காலையில் சைக்கிள் பெட்டி நிரம்பி வழியும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்த் தங்கிவிடுவது என் வழக்கம்.

ஆற்றின் போக்கிலேயே போங்கள். ஏற்றம் இறக்கம் பெரிதாக இல்லாததால் எதிர்த்திசையிலும் ஓட்டலாம்தான், ஆனால் கல்லின் கதை மேலிருந்து கீழே வரும்போதுதான் வரிசையாகப் புரியும். சாதாரண சைக்கிள் போதும். பாதையில் தார் போட்ட இடமும் உண்டு, பொடிச் சரளை போட்ட இடமும் உண்டு, அதனால் ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயர் மட்டும் வேண்டாம்.

கிளம்பியதும் ட்ராய்ஷ்ட்லிங்கனுக்குப் பக்கத்தில் இருக்கிற கிராபன் என்ற சின்னக் கிராமத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஊரின் பெயருக்கு அர்த்தமே பள்ளம், வாய்க்கால் என்பதுதான். 793ல் சார்லமேன் மன்னர் ஆல்ட்மியூலையும் ரேட்ஸாட் ஆற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டப் பார்த்த இடம் இது. அது நடந்திருந்தால் டான்யூபிலிருந்து ரைன் வரை படகு போயிருக்கும். இன்றைக்கு மிஞ்சியிருப்பது இரண்டு பக்கமும் மண்மேடு, நடுவில் வாத்து நீந்தும் நீளமான குளம். அதே இணைப்பு வேறு வழியில் 1992ல்தான் முடிந்தது, ஏறக்குறைய 1,200 வருஷம் கழித்து. மண்மேட்டின் மேல் ஏறி நின்று பாருங்கள், மண்வெட்டியால் வெட்டிப் போட்ட மண் அது.

கூரையைப் பாருங்கள்

பாப்பன்ஹைமைத் தாண்டும்போதிலிருந்து கூரைகளைக் கவனிக்க ஆரம்பியுங்கள். பழைய வீடுகளில் ஓடு இருக்காது. கையளவு தடிமன்கூட இல்லாத சுண்ணாம்புக்கல் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள், ஆணி இல்லை, சாந்து இல்லை, கல்லின் எடையே கல்லைப் பிடித்துக்கொள்கிறது. சரிவு அதிகமானால் கல் வழுக்கிவிடும் என்பதால் கூரை மிகத் தட்டையாக இருக்கும். அத்தனை எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் சுவர் தடிமனாகவும் ஜன்னல் சின்னதாகவும் இருக்கும். யூரா வீடு என்று இதைச் சொல்கிறார்கள். இவற்றில் நிறைய இடிந்து போய்விட்டன. கல் கூரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆளும் குறைவு, செலவும் அதிகம். ஒரு தெருவில் ஒன்றே ஒன்று மிச்சம் இருப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். அப்படி ஒன்றைப் பார்த்தால் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை சோல்ன்ஹோஃபன். சுமார் 15 கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே ஆழம் குறைந்த, உப்பு மிகுந்த கடல் தேக்கங்கள் இருந்தன. அடியில் பிராணவாயு இல்லாததால் செத்து விழுந்ததை அரித்துத் தின்ன ஆள் இல்லை. மெல்லிய சேறு படிந்து படிந்து பலகை பலகையாகக் கல்லானது. அதனால்தான் இந்தக் கல்லில் தும்பியின் இறக்கை நரம்புகூட அப்படியே இருக்கிறது. ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்று ஸ்கூல் புத்தகத்தில் படித்தோமே, பல்லும் நீண்ட வாலும் சிறகும் சேர்ந்த ஆதிப் பறவை, அதற்கு 1861ல் அந்தப் பெயரை வைத்தவர் ஹெர்மன் ஃபொன் மேயர். இதுவரை கிடைத்த அந்தப் பறவைகள் எல்லாமே இந்த வட்டாரத்துக் கல்லில் வந்தவை. சோல்ன்ஹோஃபன் மியூசியத்திலும் ஐஷ்டெட்டின் வில்லிபால்ட்ஸ்பூர்க் கோட்டையில் இருக்கும் யூரா மியூசியத்திலும் நிஜக் கல்லையே பார்க்கலாம். ஒன்றுதான் போக முடியும் என்றால் ஐஷ்டெட் போங்கள் என்பேன், மலை மேலிருந்து ஆறு வளையும் காட்சியும் சேர்ந்து கிடைக்கும்.

நம் ஆட்களுக்கு இந்தக் கல்லோடு இன்னொரு சம்பந்தமும் உண்டு. பழைய தமிழ்ப் புத்தகம் பார்த்தவர்களுக்குக் கல்லச்சு, அதாவது கல்லில் எழுதி அதிலிருந்து அச்சடிப்பது, என்ற வார்த்தை தெரிந்திருக்கும். அந்த முறையை 18ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் மியூனிக்கில் கண்டுபிடித்த அலோய்ஸ் செனஃபெல்டர் பயன்படுத்தியது இந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல்லைத்தான். இதன் வழவழப்புக்கு ஈடான கல் வேறெங்கும் சரியாக அமையாததால் பிறகு உலகம் முழுக்க அச்சுக்கூடங்களுக்கு இங்கிருந்து கல் போனது. இன்றைக்கும் தரைக்கும் படிக்கும் போடுகிற பலகைக்கல்லை இங்கே கையாலேயே உடைத்துப் பிரித்து எடுக்கிறார்கள்.

நீங்களும் உடைத்துப் பார்க்கலாம். ஐஷ்டெட்டுக்கு மேலே ப்ளூமன்பெர்க்கில் பார்வையாளர்களுக்கென்று ஒரு குவாரி திறந்து வைத்திருக்கிறார்கள். பெர்லின் மியூசியத்தில் இருக்கும் புகழ்பெற்ற ஆர்க்கியாப்டெரிக்ஸ் 1870களில் கிடைத்தது இந்த மேட்டில்தான். சுத்தியலும் உளியும் வாடகைக்குக் கிடைக்கும். போகும் வழி செங்குத்தான ஏற்றம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். தொப்பி, தண்ணீர், மூடிய செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி நான்கும் கட்டாயம். நிழல் என்பதே கிடையாது, வெள்ளைக் கல்லில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பிடுங்கும்.

உடைப்பதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. பலகையைத் தரையில் படுக்க வைத்து அடித்தால் தூள்தான் மிஞ்சும். தூக்கி, புத்தகத்தை நிறுத்துவது போலக் குத்தாக நிறுத்துங்கள். விளிம்பில் தலைமுடி அளவில் கோடுகள் தெரியும். அதில் ஒரு கோட்டில் உளியை வைத்து, பலமாக அல்ல, மெல்ல மெல்ல விளிம்பு முழுக்க நகர்த்தி நகர்த்தித் தட்டிக்கொண்டே வாருங்கள். முதலில் கணீர் என்று வெண்கலம் மாதிரிச் சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் மந்தமாகிவிடும், உள்ளே பிரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது உளியை எடுத்துவிட்டு விரலால் நெம்பினாலே இரண்டு பக்கமாகத் திறந்துகொள்ளும். 15 கோடி வருஷமாக வெளிச்சம் படாத ஒரு பக்கத்தை நீங்கள்தான் முதலில் பார்க்கிறீர்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த நொடியில் கை நின்றுவிடும்.

பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, அதற்கு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். கறுப்பாகப் பெரணிச் செடி மாதிரி அழகாகக் கிளை விட்டு இருந்தால் அது செடி இல்லை, இரும்பும் மாங்கனீஸும் நீரோடு கசிந்து வரைந்த கோலம். எட்டுக்கால் பூச்சி மாதிரி ஒரு சென்டிமீட்டரில் சுருண்ட கால்களோடு ஏதாவது தெரிந்தால் சந்தோஷப்படலாம், அது சக்கோகோமா என்ற கடல் உயிர். அதிர்ஷ்டம் இருந்தால் அம்மோனைட் சுருள் வரும். எதை எடுத்துப் போகலாம், எதைக் காட்டிவிட்டுப் போகவேண்டும் என்ற விதியை வாசலிலேயே எழுதியிருப்பார்கள், படித்துவிட்டு உள்ளே போங்கள். குழந்தைகளோடு போனால் இந்த ஒரு இடத்துக்கு அரை நாள் ஒதுக்கிவிடுங்கள், கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

டோல்ன்ஷ்டைனில் நிற்கவேண்டிய காரணம்

சோல்ன்ஹோஃபனைத் தாண்டியதும் வலது இடது என்று யோசிக்க வேண்டாம், எதிர்ச் சரிவில் பாறைத் தூண்கள் வரிசையாக நிற்பது தானாகவே கண்ணில் படும். பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்று பெயர். அந்தப் பழைய கடலில் கடற்பஞ்சுகள் கட்டிய திட்டுகள்தான் அவை. சுற்றியிருந்த மென்மையான கல் கரைந்து போக இவை மட்டும் நிற்கின்றன.

அங்கிருந்து டோல்ன்ஷ்டைன் வந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு ஆற்றையும் பள்ளத்தாக்கையும் மாறி மாறிப் பாருங்கள். ஆறு ஒரு கல் எறிந்தால் அக்கரை போகும் அளவுதான். பள்ளத்தாக்கோ அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத அகலம். காரணம், இந்தப் பள்ளத்தாக்கை வெட்டியது ஆல்ட்மியூல் இல்லை, டான்யூப். பனியுகக் காலத்தில் டான்யூப் தெற்கேயிருந்து இப்போது வறண்டு கிடக்கும் வெல்ஹைம் பள்ளத்தாக்கு வழியாக வந்து, டோல்ன்ஷ்டைனில் திரும்பி, கெல்ஹைம் வரை இப்படித்தான் ஓடியது. பிறகு அது தெற்கே வேறு வழி பிடித்துக்கொண்டது, பெரிய வீட்டில் சின்ன ஆறு குடியிருக்கிறது. இது தெரிந்த பிறகு மிச்சப் பயணம் முழுக்கக் கண் வேறு மாதிரிப் பார்க்கும்.

இன்னொன்றும் இந்த இடத்தில் மாறுகிறது. பாப்பன்ஹைம் பக்கம் புராட்டஸ்டன்ட் ஊர்கள். டோல்ன்ஷ்டைனிலிருந்து ஐஷ்டெட் ஆயர்களின் பழைய ஆட்சிப்பகுதி, கத்தோலிக்கம். வயல் முக்கில் சிலுவை, வீட்டுச் சுவர் மாடத்தில் மாதா என்று திடீரெனக் கூடும். ஐஷ்டெட் மாவட்டம் 1972 வரை நடு ஃபிராங்கோனியாவில் இருந்து, பிறகு மேல் பவேரியாவோடு சேர்க்கப்பட்டது. எந்தப் பக்கம் இருந்தாலும் எதிரே வருபவருக்கு 'க்ரூஸ் காட்' சொல்லுங்கள். கிராமத்தில் வணக்கம் சொல்லாமல் கடந்து போவது மரியாதைக் குறைவு. சொல்லிவிட்டால் வழி கேட்பது, தண்ணீர் கேட்பது எல்லாம் சுலபம்.

படகு ஆசை இருந்தால் டோல்ன்ஷ்டைன் முதல் ஐஷ்டெட் வரை ஒரு நாள் துடுப்புப் படகு எடுங்கள். இழுப்பு இல்லாத ஆறு என்பதால் நீச்சல் தெரிந்த யாரும் முதல் தடவையே ஓட்டலாம். ஆனால் இழுப்பு இல்லை என்றால் ஆறு உங்களைத் தள்ளிக்கொண்டும் போகாது, எதிர்க்காற்று அடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். தடுப்பணை வரும் இடங்களில் இறங்கிப் படகைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும், அதனால் பையைத் தண்ணீர் புகாதபடி கட்டிவையுங்கள். நாணல் புதருக்குள் படகை விடாதீர்கள், பறவைகள் கூடு கட்டியிருக்கும். கரையேறுவதும் கூடாரம் போடுவதும் குறித்து வைத்த இடங்களில் மட்டும்தான். கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க ஜெர்மனியில் அனுமதி இல்லை.

சாப்பாடும் தங்கலும்

எல்லாரும் தவறு செய்யும் இடம் இதுதான். நகரத்தில் இருந்து பழகிய நமக்குக் கிராமத்து நேரம் புரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, பேக்கரி மட்டும் காலையில் கொஞ்ச நேரம் திறந்திருக்கலாம். நிறைய ஊர்களில் மளிகைக் கடையே மூடிப்போய்விட்டது. காஸ்ட்ஹவுஸ் என்கிற ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் மத்தியானம் 2 மணிக்கும் ராத்திரி 8 மணி வாக்கிலும் அடுப்பை அணைத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு பீர் கிடைக்கும், சோறு கிடைக்காது. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ முழு விடுமுறை உண்டு, பெரும்பாலும் திங்கள் செவ்வாய். ஒரு திங்கட்கிழமை ராத்திரி மழையில் நனைந்துகொண்டே மூன்று ஊர் போய், மூன்றிலும் 'ரூஹெடாக்' பலகை தொங்கியதைப் பார்த்துவிட்டு, அறைக்கு வந்து பையில் இருந்த வேர்க்கடலையைச் சாப்பிட்டுப் படுத்தேன். அன்றிலிருந்து காலையிலேயே போன் போட்டு, இன்றைக்கு அடுப்பு உண்டா என்று கேட்டுவிடுகிறேன். கையில் ரொக்கம் வைத்திருங்கள், கார்டு எல்லா இடத்திலும் செல்லாது. தனியாக ஒரு பெரிய மேசை, அதன்மேல் ஷ்டாம்டிஷ் என்று பலகை இருந்தால் அங்கே உட்காரக்கூடாது, ஊர்க்காரர்கள் வழக்கமாகக் கூடும் மேசை அது.

ஆட்டுக்கறி சாப்பிடுபவர்களுக்கு இது நல்ல இடம், இந்த மலைச் சரிவுகளில் மேய்ந்த ஆட்டின் கறியைப் பெயர் சொல்லியே எழுதியிருப்பார்கள். சைவக்காரர்கள் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற சீஸ் போட்ட மாவுப் பண்டம், காளான் குழம்போடு வரும் ரொட்டி உருண்டை, ரொட்டியில் தடவும் ஒபாட்ஸ்டா மூன்றும் பெரும்பாலும் சிக்கல் இல்லாதவை, வெங்காயம் வதக்கும்போது பன்றி இறைச்சித் துண்டு சேர்க்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். பார்க்கச் சைவம் போலத் தெரிந்து ஏமாற்றுபவை வேறு: தோசைக் கீற்று மிதக்கும் சூப்பின் தண்ணீர் மாட்டெலும்பு வேகவைத்ததாக இருக்கும், சிவப்புக் கோஸ் பொரியலில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், உருளைக்கிழங்கு சாலடில் ஷ்பெக் என்ற பன்றி இறைச்சித் துண்டு இருக்கலாம். 'ஓனெ ஃப்ளைஷ்' என்றால் கறி வேண்டாம் என்றுதான் புரிந்துகொள்வார்கள், 'ஓனெ ஷ்பெக், ஓனெ ப்ரூயெ', அதாவது ஷ்பெக்கும் எலும்பு வேகவைத்த தண்ணீரும் வேண்டாம், என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

தங்குவதற்குச் சின்ன ஊரிலேயே தங்குங்கள். ராத்திரி 9 மணிக்குத் தவளைச் சத்தமும் மாதா கோயில் மணியும் மட்டும் கேட்கும் ஊரில் ஒரு ராத்திரியாவது இருந்தால்தான் இந்தப் பள்ளத்தாக்குக்குப் போனதாக அர்த்தம் என்று நான் நம்புகிறேன். கோடையில் ஒரே ஒரு ராத்திரிக்கு அறை தரத் தயங்குவார்கள், இரண்டு ராத்திரி என்று கேட்டால் உடனே கிடைக்கும். சைக்கிளை உள்ளே வைக்க இடம் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐஷ்டெட்டிலிருந்து கீழே

முப்பதாண்டுப் போரில் 1634ல் சுவீடன் படை எரித்த பிறகு புதிதாகக் கட்டிய நகரம் ஐஷ்டெட், அதனால்தான் தெருவே ஒரே கையால் வரைந்தது போல இருக்கிறது. ஒரு நாள் போதும். அடுத்து ஃபியூன்ட்ஸ் கிராமம், பாலம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். மேலே மேட்டில் ரோமானியக் கோட்டையின் வாசலை மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள், அங்கே நின்றால் வீரன் எதைப் பார்த்துக் காவல் காத்தான் என்று தெரியும். ரோமானியரின் எல்லைக் கோடான லீமெஸ் இன்னும் கொஞ்சம் தள்ளிக் கிப்ஃபன்பெர்க்கில் ஆற்றைக் கடக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் குங்கோல்டிங். இங்கே கட்டாயம் இறங்கி மேட்டில் நடக்கவேண்டும். ஜூனிபர் புதர்கள் ஆள் உயரத்துக்கு இருட்டாக நிற்க, நடுவில் ஆடு மேய்ந்து மேய்ந்து கம்பளம் போலாகிவிட்ட புல். முள் குத்துவதால் ஆடு ஜூனிபரைத் தொடாது, மற்ற செடியெல்லாம் அதன் வாய்க்குப் போகும், அப்படி நூற்றாண்டுக் கணக்கில் உருவான மேய்ச்சல் நிலம் இது. மந்தை வராமல் போனால் சில வருஷங்களில் காடு மூடிவிடும், அங்கே மட்டும் வளரும் பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் போய்விடும். மேய்ப்பவரைப் பார்த்தால் நாய்களைத் தொந்தரவு செய்யாமல் ஓரமாக நில்லுங்கள். பூ பறிக்காதீர்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பவேரியாவில் உண்ணி மூளைக்காய்ச்சல் பரப்பும், அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது.

நாள் மிச்சம் இருந்தால் கெல்ஹைம் வரை போகலாம். டீட்ஃபுர்ட்டுக்குக் கீழே ஆறு மெயின் டான்யூப் கால்வாயாகிவிடும், கரை நேராகிவிடும், எனக்கு மனசு ஒட்டவில்லை. ஆனால் பாறை நுனியில் நிற்கும் ப்ரூன் கோட்டைக்காகவும், எஸ்ஸிங்கில் கால்வாயின் மேல் பாம்பு போல வளைந்து போகும் மரப்பாலத்துக்காகவும் போகலாம். கெல்ஹைமிலிருந்து படகில் டான்யூப் இடுக்கு வழியாக வெல்டன்பூர்க் மடம் போவது நன்றாக இருக்கும். கெல்ஹைமில் பயணிகள் ரயில் கிடையாது, சில கிலோமீட்டர் தள்ளி ஸால் போய்த்தான் ஏறவேண்டும்.

கிப்ஃபன்பெர்க்கோடு முடிப்பவர்கள் இன்னும் கொஞ்சம் ஓட்டிக் கிண்டிங் வந்துவிடுங்கள். நியூரம்பெர்க் இங்கோல்ஷ்டாட் அதிவேகப் பாதையில் இருக்கும் ஸ்டேஷன் அது, 2006ல் திறந்தது, வட்டார ரயிலே அங்கே நின்று போகிறது, பயர்ன் டிக்கெட் செல்லும். சைக்கிள் பெட்டி எந்தப் பக்கம் வருகிறது என்று முன்கூட்டியே பார்த்து நில்லுங்கள், ரயில் நிற்பது கொஞ்ச நேரம்தான். மியூனிக் பக்கம் போகிறவர்கள் ஏறியவுடன் உட்காராமல் ஜன்னலோரம் நில்லுங்கள். ரயில் ஆற்றுக்கு மேலே போகும், பள்ளத்தாக்கு முழுசாக ஒரு தடவை தெரியும், உடனே சுரங்கம் வந்துவிடும்.